அமுதசுரபிக்கு ஒரு போணி

ஏழுகிணற்றில்தான் நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளையும் போட்டாள் என்று எட்டு வயதுவரை நம்பியிருந்தேன். கிணற்றுக்கு ஒரு பிள்ளை. கணக்குச் சரியாக இருந்தது. சென்னை யானைக்கவுனியில் எங்கள் தெருவிலிருந்து ஏழுகிணறு நடக்கிற தூரம்தான். கோட்டைக்குத் தண்ணீர் எடுக்க வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்படுத்திய கிணறுகள் அவை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த வயதில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பேன். ஏதாவது ஒரு கிணற்றிலிருந்து பசிக்கிற குரல் கேட்குமோ என்று.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் ஆயாவின் தகரப் பெட்டியில் இருந்த பெரிய எழுத்துப் புத்தகங்கள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை. மங்கிய தாள், முரட்டுப் படங்கள், சரியாகப் பார்வை தெரியாதவர்களும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவில் அச்சு. தமிழ்நாடு முழுக்கத் திருவிழாக் கடைகளில் விற்ற இந்தப் புத்தகங்களில் பலவும் எங்களுக்கு அடுத்த பேட்டையான கொண்டித்தோப்பில் அச்சானவை. இரத்தின நாயகர் சன்ஸ் பதிப்பகம் அங்கேதான் இருந்தது. மந்திரவாதியும் பறக்கும் குதிரையும் வேதாளமும் எங்கேயோ ஏழு கடல் தாண்டி இருக்கவில்லை. நாலு தெரு தள்ளி ஈயத்தில் கோத்து மை தடவி வெளியே வந்துகொண்டிருந்தன.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகங்களை வாங்கி வைத்தது எப்போதோ செத்துப்போன தாத்தா. நான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டுவது என் வேலையாயிற்று. மாலையில் அவள் வாசற்படியில் உட்கார்ந்து உளுந்து களைவாள். நான் அடுத்த படியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். சண்டை வந்தால் அவள் கேட்டும் கேளாமலும் இருப்பாள். அரண்மனை, நந்தவனம், ராஜகுமாரியின் அழகு எதுவும் அவள் கையை நிறுத்தாது. கதையில் யாராவது சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் களைகிற கை நின்றுவிடும்.

"இரு. யாரு போட்டது?"

"என்ன ஆயா?"

"சோறுடா. யார் கையால போட்டது?"

புத்தகத்தில் இல்லை என்பேன். "சரியாப் பாரு, இருக்கும்" என்பாள். இல்லாவிட்டால் அந்தக் கதையின் மேல் அவளுக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

ஆயா வால்டாக்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் இட்லிக் கடை வைத்திருந்தாள். கடை என்றால் கூரை, பலகை எதுவும் கிடையாது. ஒரு அடுப்பு, ஒரு இட்லிக் குண்டான், சட்னித் தூக்கு, தையல் இலைக் கட்டு, தண்ணீர்க் குடம். விடியற்காலை நாலரைக்கு அடுப்புப் பற்றும். சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் ஷெட்டுக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள், தட்டுவண்டி இழுக்கிறவர்கள், சென்ட்ரலில் இறங்கி எங்கே போவதென்று தெரியாமல் நடந்து வருகிறவர்கள், இவர்கள்தான் வாடிக்கை. நைனாவும் அதே ஷெட்டில் லோடுமேன். கவுனி என்றால் கோட்டை வாசல். கறுப்பர் நகரத்துக்கு ஒரு காலத்தில் மதில் இருந்தது, அதில் யானை புகுகிற அளவு ஒரு வாசல் இருந்தது என்பார்கள். மதிலும் போய் வாசலும் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. நாங்கள் சொல்வது ஆனகவுனி. அந்த இல்லாத வாசலுக்குள் பசியோடு நுழைகிறவர்களுக்கு ஆயாவின் குண்டான்தான் முதலில் கண்ணில் படும்.

அவளுக்கு ஒரே ஒரு வியாபார நம்பிக்கை உண்டு. போணி. முதல் ஈடு இறங்கியதும் முதல் இலை நல்ல கைக்குப் போகவேண்டும். காசு அதிகம் கொடுக்கிற கை என்று பொருளில்லை. கைராசியுள்ள கை. ஷெட்டில் வேலை செய்த ஒரு பெரியவர் இருந்தார். விரல் இரண்டு இல்லாதவர். அவர் வந்து போணி செய்தால் அன்றைக்குக் குண்டான் கழுவிக் கவிழ்க்கிற மாதிரி தீர்ந்துவிடும் என்பது ஆயாவின் அனுபவம். அவர் வரத் தாமதமானால் மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்வாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவர்கள் எல்லோருக்கும் போணி தெரியும்.

நல்லதங்காள் கதையைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஞ்சம் பிழைக்கப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி மக்கிப்போன கேழ்வரகும் ஓட்டைச் சட்டியும் கொடுத்து, விறகுக்குப் பச்சை வாழைமட்டையைக் காட்டுகிறாள். நல்லதங்காள் கைகூப்பிக் கும்பிட, பச்சை மட்டை பற்றி எரிகிறது. அந்த இடத்தில் நான் குரலை உயர்த்திப் படித்தேன். ஆயா மெச்சுவாள் என்று நினைத்தேன். அவள் உளுந்துத் தண்ணீரை வடித்தபடி சொன்னாள்:

"சாமி நெருப்பக் குடுத்திச்சு. போடுற கைய மாத்த முடியலயே கண்ணு."

கதையில் பிறகு நடப்பதும் அதுதான். அற்புதம் நடக்கிறது, அடுப்பு எரிகிறது, கஞ்சி காய்கிறது, ஆனால் பிள்ளைகள் பசியாறவில்லை. கிணற்றுக்குத்தான் போகிறார்கள். எவ்வளவோ படித்த பிறகும் அந்தக் கதைக்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு நாள் பர்த்ருஹரியின் கனி. சாகாவரம் தருகிற பழம் ஒன்று ராஜாவின் கைக்கு வருகிறது. அவன் ஆசை மனைவிக்குக் கொடுக்கிறான். அவள் தன் கள்ளக் காதலனுக்கு, அவன் தனக்குப் பிடித்தவளுக்கு என்று கை மாறி மாறிக் கடைசியில் ராஜாவிடமே திரும்பி வருகிறது. உண்மை தெரிந்து அவன் துறவியாகிறான். பெண்ணாசையின் நிலையாமைக்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள். ஆயா அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளவேயில்லை. "அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு குடுத்திருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். சாகாமல் இருப்பதைக்கூடத் துண்டு போடலாம் என்று நினைத்த ஒரே ஆள் அவள்தான்.

வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கையைப் பிடித்து ஏழுகிணறு வீராசாமி தெருவுக்குக் கூட்டிப் போவாள். 31-ஆம் எண் வீடு. வள்ளலார் சிறு வயதிலிருந்து வாழ்ந்த வீடு. 1823-இல் மருதூரில் பிறந்தவர், தகப்பன் இறந்தபின் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, 1858-இல் புறப்பட்டுப் போகும்வரை இந்தப் பக்கத்துத் தெருக்களில்தான் நடந்திருக்கிறார். கந்தகோட்டத்துக்கு நடப்பார், திருவொற்றியூருக்கு நடப்பார். ஆயா அந்த வீட்டு வாசலில் நின்று எனக்குச் சொன்ன கதை எந்தப் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் இல்லாதது.

ஒருநாள் திருவொற்றியூரிலிருந்து திரும்பி வர வெகு நேரமாகிவிட்டது. கதவு சாத்தியிருக்கிறது. வீட்டில் இருக்கிறவர்களை எழுப்ப மனமில்லை. பசியோடு திண்ணையில் படுத்துவிடுகிறார் பிள்ளை ராமலிங்கம். சற்று நேரத்தில் அண்ணி வந்து எழுப்பி இலை போட்டுச் சோறு கொடுக்கிறாள். சாப்பிட்டுப் படுக்கிறார். பிறகு மறுபடியும் அண்ணி வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாயே என்று எழுப்புகிறாள். இப்போதுதானே கொடுத்தீர்கள் என்கிறார். முதலில் வந்தது திருவொற்றியூர் வடிவுடையம்மன்.

"அம்மன் சூலத்தோட வந்திருக்கலாம். கிரீடத்தோட வந்திருக்கலாம். ஏன் அண்ணியாட்டம் வந்தா சொல்லு?" என்று ஆயா கேட்டாள்.

தெரியவில்லை என்றேன்.

"அந்தப் புள்ளைக்குத் தெனமும் போடுற கை அதானே. வேற கையால துன்னா அதுக்கு ருசிக்குமா?"

மூளி அலங்காரியும் அண்ணி. இவளும் அண்ணி. தெய்வம் தனக்கு ஒரு உருவம் தேடியபோது அண்ணியின் உருவத்தைத்தான் எடுத்திருக்கிறது. இதை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் திரும்பி நடந்து வரும்போது ஏழுகிணற்றைக் கண்டு எனக்குப் பயமில்லாமல் போயிருந்தது.

எங்கள் தெருவே இப்படிப்பட்ட சோற்றுக் கதைகளால் நிறைந்திருந்தது. மாடியில் ஒரு சேட்டு வீடு. ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். விளக்கு வைத்தபின் அந்த வீட்டில் பாத்திரச் சத்தமே கேட்காது. ஒரு கோடையில் சேட்டம்மா நீண்ட நோன்பு ஒன்றை முடித்தாள். அட்சய திருதியை அன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் கரும்புச் சாறு எடுத்து அவள் வாயில் ஊட்டினார்கள். அவள் தன் கையால் ஒரு சொட்டும் எடுத்துக் குடிக்கவில்லை. கதவோரம் நின்று பார்த்த எனக்கு அந்த வீட்டுப் பெரியவர் உடைந்த தமிழில் காரணம் சொன்னார். ஆதியில் ரிஷபதேவர் துறவு பூண்டு பிச்சைக்குப் போனார். ஜனங்கள் யானை கொடுத்தார்கள், குதிரை கொடுத்தார்கள், ரத்தினம் கொடுத்தார்கள். துறவிக்குச் சோறு கொடுக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உலகத்தில் அதுவரை யாரும் பிச்சை போட்டதில்லை. ஓராண்டுக்கு மேல் பட்டினி. கடைசியில் சிரேயாம்சன் என்ற அரசகுமாரனுக்குப் பூர்வஜன்ம ஞாபகம் வந்து, கரும்புச் சாற்றைக் கையில் வார்த்தான்.

இதை ஓடிவந்து ஆயாவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப பசிக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தன் போடக் கத்துக்கணும்" என்றாள்.

என் வகுப்பில் ராயபுரத்துப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராயப்பர் கோவிலில் தனக்குப் புதுநன்மை என்று சொல்லி, வெள்ளைச் சட்டை தைத்ததையும் சொன்னான். திங்கட்கிழமை நாங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டோம். எப்படி இருந்தது? இனிப்பா? "ருசியே இல்லடா. மெல்லிசா இருக்கும். நாக்குல ஒட்டிக்கும். கடிக்கக் கூடாது" என்றான். அதன் பெயர் ஓஸ்தி, அதை வாங்குவதற்குப் பெயர் நன்மை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அந்த அப்பத்துக்கு வைத்திருக்கிற பெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஒரு உணவின் பெயரே நன்மை. அதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்வதில்லை, வாங்குகிறார்கள். வாங்குவதென்றால் கொடுக்க ஒரு கை வேண்டும்.

புரட்டாசியில் திருப்பதிக் குடை. பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோவிலிலிருந்து புறப்படுகிற வெண்பட்டுக் குடைகள் சாயங்காலம் நாலு மணி வாக்கில் யானைக்கவுனியைத் தாண்டும். அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனம் வரும். கோவிந்தா கோஷத்தில் சுவர் அதிரும். அன்றைக்கு வீட்டுக்கு வீடு வாசலில் அண்டா. மோர், பானகம், புளிசாதம். ஆயா அன்று இட்லிக்குக் காசு வாங்கமாட்டாள். குண்டானைக் கடையில் வைக்காமல் எங்கள் வாசலில் வைத்துவிடுவாள். ஒருமுறை கூட்டத்தில் வந்த யாரோ ஒரு அம்மாள் தன் மடியிலிருந்து ஒரு பிடி சுண்டல் எடுத்து ஆயாவின் கையில் வைத்துவிட்டுப் போனாள். ஆயா அன்று முழுக்கச் சாப்பிட்டது அந்தச் சுண்டல்தான்.

ஆறாம் வகுப்பில்தான் மணிமேகலை வந்தாள். தமிழ் வாத்தியார் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதை சொன்னார். உ. வே. சாமிநாதையர் 1898-இல் இந்தக் காப்பியத்தைப் பதிப்பித்ததைச் சொல்லித் தொடங்கினார். மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிப்போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே கோமுகிப் பொய்கை. வைகாசி விசாகத்தன்று அதிலிருந்து அமுதசுரபி மேலே வரும். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். அம்புலிமாமாவில் வந்த எந்த மாயப் பாத்திரத்தையும்விட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பாத்திரத்தோடு அவள் புகாருக்குத் திரும்புகிறாள். அங்கே காயசண்டிகை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு நாவற்பழம் உண்ணும் முனிவரின் பழத்தைக் காலால் சிதைத்ததால் சாபம் பெற்றவள். அவள் வயிற்றில் எரிவதற்குப் பெயர் யானைத்தீ. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. அந்தப் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிற யானை ஒருவேளை இதுதானோ என்று நினைத்தேன்.

மாலையில் ஆயாவிடம் சொன்னேன். பாத்திரம் கிடைத்துவிட்டது, ஆனால் மணிமேகலை உடனே அள்ளிப் போடத் தொடங்கவில்லை; முதல் பிச்சையை ஒரு பத்தினியின் கையால் வாங்கவேண்டும் என்றாள்; காயசண்டிகையே ஆதிரையின் வீட்டைக் காட்டினாள்; ஆதிரை வந்து பாத்திரம் நிறைய இட்டபிறகுதான் அது சுரக்க ஆரம்பித்தது.

"ஏன் ஆயா? தெய்வப் பாத்திரம்தானே? தானே சுரக்காதா?"

ஆயா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்தில் இதைக்கூடவா சொல்லித்தரவில்லை என்பதுபோல.

"போணி ஆவணும் இல்ல?"

மறுநாள் வகுப்பில் எழுந்து இதைச் சொன்னேன். வாத்தியார் சிரிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, "யாருடா சொன்னது?" என்றார். எங்கள் ஆயா என்றேன். "அவங்க காலைத் தொட்டுக் கும்பிட்டேன்னு சொல்லு" என்றார்.

1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. 8-ஆம் தேதி தொடங்கி 27-ஆம் தேதி வரை. சால்ட் கோட்டர்ஸில் வண்டி அசையவில்லை. மூட்டை இல்லை என்றால் லோடுமேனுக்குக் கூலி இல்லை. நைனா காலையில் போய் ஷெட் வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஆயாவின் வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கணக்கில் எழுதச் சொன்னார்கள். அவளுக்கு எழுதத் தெரியாததால் சுவரில் கரிக்கோடு. பதினைந்து நாளில் சுவர் கறுத்துவிட்டது. அரிசி குறைந்தது. மூன்று ஈடு இரண்டாயிற்று. பிறகு ஒன்று. வீட்டில் எங்களுக்கு ஆளுக்கு இரண்டு இட்லி என்று ஆயிற்று. விரல் இல்லாத பெரியவர் ஒருநாள் காசில்லாமல் வந்து தயங்கி நின்றார். ஆயா முதல் இலையை அவர் கையில் வைத்தாள். அன்றைக்கும் போணி அவர்தான்.

ஒருநாள் காலை. ஆயா தண்ணீருக்குப் போயிருந்தாள். ஈடு இறங்கி ஆவி பறந்துகொண்டிருந்தது. இரண்டு இட்லியை எடுத்து இலையில் சுருட்டிக்கொண்டு யானைக்கவுனிப் பாலத்துக்கு ஓடினேன். பாலத்தின் மேல் நின்றால் கீழே தண்டவாளங்கள் விரிந்து கிடக்கும். எப்போதும் புகையும் சத்தமுமாக இருக்கிற இடம் அன்று வெறிச்சென்று இருந்தது. கைப்பிடிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தின்றேன். சட்னி இல்லாமல், அவசரமாக, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே. தின்று முடித்ததும் முன்னைவிட அதிகமாகப் பசித்தது. அந்தப் பசியை நான் இன்னும் மறக்கவில்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. புது வகுப்பிலும் அதே தமிழ் வாத்தியார். விட்ட இடத்திலிருந்து அமுதசுரபி முதலில் யாரிடம் இருந்தது என்று சொன்னார். ஆபுத்திரன். தாய் விட்டுப்போக, பசுவின் பாலில் பிழைத்த குழந்தை. வளர்ந்தபின் மதுரையில் பிச்சையெடுத்துக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தான் உண்டு, அந்தத் திருவோட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறவன். மழை கொட்டும் ஒரு நள்ளிரவில் பசித்தவர்கள் வந்து எழுப்ப, கொடுக்க ஒன்றுமில்லாமல் துடிக்கிறான். அப்போதுதான் சிந்தாதேவி அமுதசுரபியைத் தருகிறாள். பிறகு இந்திரன் மழை பெய்வித்து நாட்டில் பசியே இல்லாமல் ஆக்குகிறான். கொடுக்க ஆளைத் தேடிக் கப்பலேறியவனை மணிபல்லவத்தில் தெரியாமல் விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. கையில் குறையாத பாத்திரம். அவன் அதிலிருந்து ஒரு கவளமும் எடுக்கவில்லை. பலர் உயிரைக் காத்த பாத்திரத்தை வைத்துத் தன் ஒருவன் வயிற்றை மட்டும் நிரப்ப மனமில்லாமல், அதைக் கோமுகியில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிர் விட்டான்.

வகுப்பில் எனக்குத் தொண்டை அடைத்தது. வீட்டுக்கு வந்து இந்தக் கதையை ஆயாவிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் பாலத்தைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றாள். "ரெண்டு கொறஞ்சுது. நீதான்னும் தெரியும். தனியாத் துன்னியே, ருசிச்சுதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அந்தப் புண்ணியவானும் அதுக்குத்தான் கொளத்துல போட்டுட்டாரு." எழுந்துபோய் மிச்சமிருந்த பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து என் கையில் உருட்டி வைத்தாள்.

மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அங்கே பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு நார்னியா புத்தகம் வாங்கினேன். சி. எஸ். லூயிஸ் 1950-இல் வெளியிட்ட முதல் கதை. எட்மண்ட் என்ற பையனுக்குப் பனிச் சூனியக்காரி டர்க்கிஷ் டிலைட் என்னும் மிட்டாய் கொடுக்கிறாள். மந்திரம் போட்ட மிட்டாய். தின்னத் தின்ன இன்னும் வேண்டும் என்று தோன்றும். அவன் சறுக்கு வண்டியில் உட்கார்ந்து தனியாகத் தின்கிறான். அண்ணனையும் அக்காவையும் தங்கையையும் காட்டிக்கொடுக்கத் தயாராகிறான். படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். பாலத்தில் நின்ற என் கையில் இருந்தது அதுதான். காயசண்டிகையின் யானைத்தீக்கும் எட்மண்டின் மிட்டாய்க்கும் நடுவே ஒரு கடல் இருக்கலாம். எரிவது ஒரே வயிறு. லூயிஸ் கிறிஸ்தவ நம்பிக்கையோடு எழுதியவர். பாவத்தை அவர் ஒரு தனி விருந்தாகக் காட்டினார். அதே வரிசையில் இரண்டு ஆண்டு கழித்து வந்த கப்பல் பயணக் கதையில் அதற்கு எதிரானதும் இருக்கிறது. உலகத்தின் ஓரத்தில் ஒரு தீவில் அஸ்லான் சிங்கத்தின் பெயரால் நீண்ட விருந்து மேசை. அவ்வளவு தூரம் வருகிறவர்களுக்காகவே போட்டது. மிச்சத்தைப் பறவைகள் வந்து தின்றுவிடும். தினமும் புதிதாக நிறையும். மணிபல்லவத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

லூயிஸின் நண்பர் டோல்கீன் கத்தோலிக்கர். தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் நெடுவழி போகிறவர்களுக்கு எல்ஃபுகள் கொடுக்கிற லெம்பாஸ் அப்பம் வருகிறது. இலையில் சுற்றிய மெல்லிய அப்பம். ஒன்று தின்றால் ஒரு நாள் நடக்கலாம். வேறு உணவு கலக்காமல் அதையே நம்பினால் மனவுறுதியை வளர்க்கும். பேராசையில் உருக்குலைந்த கோல்லம் என்பவன் அதை வாயில் வைத்ததும் இருமித் துப்புகிறான். அவன் தொண்டையில் அது இறங்காது. லெம்பாஸில் நற்கருணையின் சாயலை ஒருவர் கண்டதை டோல்கீனே ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு ராயபுரத்து நண்பன் நினைவுக்கு வந்தான். ருசியில்லாத, நாக்கில் ஒட்டுகிற நன்மை.

ஆனால் ஆயாவுக்கு நான் சொல்ல ஏங்கியது வேறொன்று. 1977-இல் வெளிவந்த டோல்கீனின் சில்மரில்லியனில், மெலியன் என்ற அரசி ஒரு வீரனுக்கு லெம்பாஸ் கொடுக்கிற இடம் இருக்கிறது. அதை வைத்திருப்பதும் வழங்குவதும் அரசிக்கு மட்டுமே உரிய உரிமை என்று டோல்கீன் எழுதுகிறார். வேறு யார் கையாலும் கொடுக்கக்கூடாது. யார் போட்டது என்ற கேள்விக்கு அங்கே பதில் எழுதியிருந்தது. சொல்ல ஆயா அப்போது இல்லை. 1981-இல் ஒரு மார்கழி விடியலில், மாவு கரைத்து வைத்தபின், அடுப்புப் பற்றவைக்காமலே போய்விட்டாள்.

மாயக்கதைகளில் வரும் தெய்விக உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அட்சயபாத்திரம், அமுதசுரபி, நிறைந்துகொண்டே இருக்கும் மேசை. குறையாமை அதிசயம்தான். ஆனால் திரௌபதியின் பாத்திரத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எல்லோரும் உண்டு கடைசியில் அவள் உண்ணும்வரைதான் அது சுரக்கும். பரிமாறுகிறவள் தன் இலைக்கு முன் மற்றவர் இலையைப் பார்க்கிற காலம்வரைதான் அதற்குச் சக்தி. ஆபுத்திரனுக்குப் பாத்திரம் கிடைத்ததும் அவன் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்ததால்தான். அதிசயம் பாத்திரத்தில் இல்லை. இதை மணிமேகலை பாடிய சாத்தனார் அறிந்திருந்தார். பாத்திரம் பெற்ற காதையோடு நிறுத்தாமல், கொடுத்த ஒரு வீட்டுப் பெண்ணின் பெயரிலும் ஒரு காதை வைத்தார்.

வீராசாமி தெருவில் பசியோடு படுத்த அந்தப் பிள்ளை பின்னாளில் வடலூரில் 1867 மே 23 அன்று தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அது இன்றுவரை அணையவில்லை. அந்த நெருப்பின் முதல் பொறி ஏழுகிணற்றுத் திண்ணையில் விழுந்தது என்றுதான் நான் நம்புகிறேன். யானைக்கவுனியின் பழைய பாலத்தை இடித்துப் புதிது கட்டிவிட்டார்கள். ஆயாவின் குண்டான் திருவொற்றியூரில் தங்கை வீட்டில் இருக்கிறது. அடியில் இரண்டு முறை ஈயம் பூசியிருக்கிறது. இப்போதும் அதில்தான் இட்லி வேகிறது.

மணிமேகலையில் முப்பது காதைகள். பதினாறாவது, ஆதிரை பிச்சையிட்ட காதை. உங்கள் வீட்டில் அடுப்படியில் காலம் கழித்த பெரியவர்கள் யாராவது இருந்தால், ஒரு மாலை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.